ஏறவில்லையா? பல்சக்கரத்தை மாற்று!

விலையைப் பார்த்துப் பின்வாங்காதே, தம்பி. நீயும்தான், தங்கச்சி. கைப்பேசித் திரையில் ஒரு வண்டியைப் பார்க்கிறாய். குமிழ் வைத்த பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றோடொன்று பூட்டிச் செய்த புல்டோசர். மோட்டார் உறுமுகிறது, பட்டைச் சக்கரம் புரள்கிறது, எதிரே இருக்கும் மணல்மேட்டைத் தள்ளிக்கொண்டே போகிறது. கண் விரியப் பார்த்து முடித்ததும் விலையைத் தேடுகிறாய். பல்லாயிரம் ரூபாய். உடனே உனக்குள் ஒரு குரல் கேட்கிறது: ‘இதெல்லாம் நமக்கு எங்கே?’ அந்தக் குரலைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளத்தான் இதை எழுதுகிறேன். பிளவக்கல் அணைக்குக் கீழே, கூமாப்பட்டியில், வத்திராயிருப்பில், ஸ்ரீவில்லிபுத்தூரில், ராஜபாளையத்தில் வளரும் நீ, வண்டி கட்டுவது எனக்கு எட்டாத வேலை என்று சொல்லவே கூடாது.

ஏன் கூடாது? ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் நிலையை விட்டு நகர்வதைப் பார்த்திருப்பாய். வடத்தைப் பிடித்திருக்கும் ஆயிரக்கணக்கான கைகளில் உன் மாமாவின் கையும் இருந்திருக்கும். தனியாக நின்று இழுத்தால் ஒருவராலும் அதை ஓர் அங்குலம் அசைக்க முடியாது. சேர்ந்து இழுக்கும்போது அந்த மலை நான்கு ரத வீதிகளையும் சுற்றி வருகிறது. அடுத்த முறை வடத்தை மட்டும் பார்க்காதே. சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார். கட்டையை எந்தப் பக்கம் வைக்க வேண்டும், எவ்வளவு சாய்க்க வேண்டும், எந்த நொடியில் உருவ வேண்டும் என்ற கணக்கு முழுவதும் அவர் கையில் இருக்கிறது. அவருடைய கட்டைதான் தேரைத் திருப்புகிறது, அதே கட்டைதான் நிறுத்துகிறது. ஸ்டியரிங்கும் பிரேக்கும் அவர்தான்!

இனி உலகத்துக்கு வா. 2018-இல், இந்தக் கட்டைகளைச் செய்யும் டென்மார்க்கின் லெகோ நிறுவனத்தார் புகாட்டி சிரோன் காரை அசல் அளவிலேயே கட்டினார்கள். அந்த நிறுவனத்தின் ‘டெக்னிக்’ வகைத் துண்டுகள் பத்து லட்சத்துக்கும் மேல். பசை ஒரு சொட்டுக்கூட இல்லை. எடை சுமார் ஒன்றரை டன். அதை ஓட்டியது எது தெரியுமா? குழந்தைகள் பெட்டியில் வரும் அதே பொம்மை மோட்டார்கள், 2,304. பல்சக்கரங்கள் 4,032. லெ மான்ஸ் பந்தயத்தில் வென்ற ஆண்டி வாலஸ் உள்ளே உட்கார்ந்து ஓட்ட, மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. தனித்தனியே எடுத்தால் உன் உள்ளங்கையில் அடங்கும் மோட்டார்கள் அவை. 2,304 மோட்டார் ஒன்றாகச் சேர்ந்து ஒரு வண்டியை இழுப்பதை ஐரோப்பா வியந்து பார்த்தது. நாம் ஆண்டுதோறும் ஆடியில் அதைச் செய்கிறோம்!

சிறிய மோட்டார் என்று உன்னை நீயே நினைத்துக்கொண்டிருக்கிறாயா? அப்படியானால் இதைக் கவனமாகக் கேள். இந்தக் கலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

மோட்டாரை நேராகச் சக்கரத்தில் மாட்டினால் சமதளத்தில் பறக்கும். சின்ன மேடு வந்தால் நின்று முனகும். மோட்டாரின் அச்சில் 8 பல் உள்ள சின்னச் சக்கரத்தை மாட்டி, அதை 40 பல் உள்ள பெரிய சக்கரத்தோடு கோத்துப் பார். மோட்டார் ஐந்து முறை சுற்றினால் பெரிய சக்கரம் ஒரு முறைதான் சுற்றும். வேகம் ஐந்தில் ஒன்றாகும். திருப்பும் விசையோ, உராய்வில் போவது போக, ஏறக்குறைய ஐந்து மடங்காகும். அந்த அச்சில் இன்னொரு 8 பல் சக்கரம், அதோடு ஒரு 24 பல் சக்கரம். இப்போது பதினைந்து மடங்கு. சற்று முன்பு மேட்டின் கீழே முனகிய அதே மோட்டார், அதே பேட்டரி, இப்போது மேட்டில் ஏறுகிறது! மோட்டாரில் ஒரு கம்பியைக்கூட நீ மாற்றவில்லை. வேகத்தைக் கொடுத்தாய், வலுவை வாங்கினாய். வகுப்பில் மெதுவாகப் புரிந்துகொள்கிறான் என்று உன்னை யாராவது ஓரமாக உட்கார வைத்திருந்தால், இந்த ஏற்பாட்டை உன் கையாலேயே ஒருமுறை கட்டிப் பார். மெதுவாகச் சுற்றும் சக்கரம் எவ்வளவு சுமை தூக்கும் என்பதை உன் கண்ணே உனக்குச் சொல்லும்.

இந்தக் கணக்கு டென்மார்க்கிலிருந்து வர வேண்டியதில்லை. ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகிறவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருப்பார். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய நாள் முதல் இந்த ஊரின் காதில் பல்சக்கரச் சத்தம் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. நூலின் கவுண்ட்டை, அதாவது தடிமனை, மாற்றப் பழைய ரிங் பிரேம் நூற்பு இயந்திரத்தில் ஃபிட்டர் என்ன செய்வார் என்று கேள். சேஞ்ச் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தைக் கழற்றி, பல் எண்ணிக்கை மாறிய இன்னொன்றைப் போடுவார். ஒன்றிரண்டு பல் கூடினாலோ குறைந்தாலோ நூல் தடிக்கும் அல்லது மெலியும். புத்தகத்தில் ‘கியர் விகிதம்’ என்று நீ மனப்பாடம் செய்வதை அவர் ஷிப்டுக்கு ஷிப்டு கையில் பிடித்தவர். அவர் பக்கத்தில் போய் உட்கார். ‘அண்ணே, சொல்லிக் கொடுங்க’ என்று கேள். கேட்பதில் என்ன குறைச்சல்?

லெகோ கட்டையும் சும்மா கட்டை இல்லை. குமிழுக்குக் குமிழ் இடைவெளி 8 மில்லிமீட்டர். ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், மெல்லிய தட்டின் உயரம் 3.2. மேலும் கீழும் துளையுள்ள கட்டை வைத்து, நடுவே இரண்டு தட்டு வைத்தால் துளைக்குத் துளை சரியாக 16 மில்லிமீட்டர் வரும். அதாவது இரண்டு குமிழ் இடைவெளி. அங்கே நெட்டுக்குத்தாக ஒரு சட்டத்தை வைத்துத் துளைகளில் முளை பூட்டினால் வண்டியின் உடம்பு இறுகிவிடும். இதைத் தெரியாமல் கட்டிய வண்டி, மோட்டார் ஓடத் தொடங்கியதும் சட்டம் விரிந்து, பல்சக்கரங்கள் விலகி, கடகடவென்று பல் நழுவும். அந்தச் சத்தம் கேட்டால் மனம் உடையாதே! எந்த இடம் இளகியிருக்கிறது என்று வண்டியே வாய் திறந்து சொல்கிறது. தேர்வுத்தாளில் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், காரணம் தெரியாது. இங்கே தவறு நடந்த இடத்தை விரலால் தொடலாம், கழற்றலாம், அடுத்த நிமிடமே மாற்றிப் பூட்டலாம். இப்படி ஒரு ஆசிரியர் எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

எட்டுக் குமிழ் கொண்ட ஆறே ஆறு கட்டைகளை எத்தனை விதமாகப் பூட்டலாம் என்று கணித அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்: 91,51,03,765 விதம். ஆறு கட்டைக்கே இத்தனை வழி! உன் வண்டிக்கு மட்டும் வழியில்லை என்று எந்த வாயால் சொல்வாய்?

இந்தக் கட்டையைக் கொடுத்த லெகோவைத் தொடங்கியவர் கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளையும் இல்லை. ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன், பில்லுண்ட் என்ற சின்ன டேனிஷ் ஊரில் ஒரு தச்சர். நம் ஊர் ஆசாரியைப் போல வீடு கட்டும் மரவேலை செய்தவர். 1924-இல் பட்டறை எரிந்தது. பிறகு உலகமெங்கும் தொழில் முடங்கியபோது வீடு கட்டித் தரச் சொல்லிக் கேட்க ஆளில்லை. 1932-இல் மர பொம்மை செய்யத் தொடங்கினார். 1942-இல் தொழிற்சாலை எரிந்தது. மறுபடி கட்டினார். இன்று நீ பார்க்கும் குமிழும் உள்குழாயும் கொண்ட பூட்டுக்கு அவர் மகன் காலத்தில், 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1960-இல் மர பொம்மைக் கிடங்கில் மீண்டும் தீ. மர பொம்மையை விட்டுவிட்டு முழுமூச்சாகக் கட்டைக்கு மாறினார்கள். மூன்று தீ. ஒவ்வொன்றும் ‘போதும், விட்டுவிடு’ என்று சொல்லியிருக்கும். அவர்கள் விடவில்லை.

‘சரி, கட்டை வாங்கவே காசில்லையே’ என்கிறாய். அதற்கும் பதில் உன் பக்கத்திலேயே இருக்கிறது, சிவகாசியில். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க கல்கத்தா போய்த் திரும்பியதிலிருந்து தீக்குச்சி இந்த மாவட்டத்தின் சொத்து. அந்தக் குச்சியைக் கொண்டு வாகனம் கட்டலாம் என்று இந்தியாவுக்குக் காட்டியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர், புனேயில் லாரி தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். 1978-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதிக் கிராமப் பள்ளிகளுக்குப் போனார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் எடுத்தார். டியூப்பைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் குச்சி சொருகினால் மூட்டு தயார். மூன்று குச்சி சேர்ந்த முக்கோணம் அசையாது. நான்கு குச்சிச் சதுரம் தொட்டாலே சாயும். குறுக்கே ஒரு குச்சி கொடுத்தால் நிமிரும். வண்டிச் சட்டத்தின் முதல் பாடம் இதுதான், செலவு சில ரூபாய். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது. தீக்குச்சி கையில் இருக்கும் மாவட்டத்தில் பிறந்துவிட்டு பெட்டி இல்லை என்று அழலாமா?

மோட்டாருக்கும் வழி உண்டு. மதுரையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ எலக்ட்ரானிக்ஸ் கடையில் ‘பி.ஓ. மோட்டார்’ என்று கேள். மஞ்சள் பெட்டிக்குள் மோட்டாரும் பல்சக்கரங்களும் சேர்ந்தே வரும். பரவலாகக் கிடைக்கும் வகையில், உள்ளே மோட்டார் 48 முறை சுற்றினால் வெளியே அச்சு ஒரு முறை சுற்றும். ஒரு மோட்டாரைத் துணிந்து பிரி, உள்ளே பல்லை எண்ணு, திரும்பப் பூட்டு. (பழைய கைப்பேசி பேட்டரியை மட்டும் குத்தாதே, பிரிக்காதே. அது தீப்பிடிக்கும். சாதாரண பென்சில் செல் போதும்.) சக்கரத்துக்கு தேய்ந்த ரப்பர் செருப்பு. நுங்கு வண்டி ஓட்டிய கைக்கு இது பெரிய வித்தையா? கோவைக்கு அருகே கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு என்ன செய்தார்? ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். ஓட்டித் திரியவா வாங்கினார்? அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் திரும்பப் பூட்டினார்! 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தோடு தொடங்கியவர், பிறகு பெரிய போக்குவரத்து நிறுவனத்தையே நடத்தினார்.

இணையத்தில் ஆள் சேர்த்து வண்டி கட்டியவரும் உண்டு: ருமேனியாவில் ராவுல் ஒய்டா என்ற இளைஞர். தானாகவே கற்றவர். ஆஸ்திரேலியாவில் ஸ்டீவ் சம்மார்ட்டினோ என்பவரோடு இணையத்தில் பழகினார். சம்மார்ட்டினோ ட்விட்டரில் ஒரு வேண்டுகோள் போட, நாற்பது பேர் பணம் தந்தார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டைகள். அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் 256 பிஸ்டன்கள். 2013-இல் மனிதர்கள் ஏறி உட்கார்ந்து ஓட்டும் கார் தெருவில் ஓடியது. அப்போது ஒய்டாவுக்கு இருபது வயது. ஒரு ட்வீட் அவ்வளவு தூரம் இழுத்துப் போனது. 2025-இல் கூமாப்பட்டியிலும் அதுதானே நடந்தது? உன் ஊர் இளைஞர் ஒருவர் ஊரின் தண்ணீரைக் காட்டிக் கைப்பேசியில் பேசிய சில வீடியோக்களைப் பார்த்து ஊர் ஊராகக் கிளம்பி வந்தார்களே! தண்ணீரைப் பார்க்க வந்த உலகம், உன் கை கட்டிய வண்டியைப் பார்க்க வராதா? காட்டத் தயங்குவது நீதான்.

தங்கச்சி, உன்னிடம் தனியாக ஒன்று. ‘பொம்பளப் பிள்ளைக்கு ஸ்பேனர் எதுக்கு?’ என்று யாராவது கேட்பார்கள். மில்லில் ஆயிரம் கதிர் ஓட்டுவதும், சத்திரப்பட்டியில் தறிக்குப் பாவு போடுவதும், சிவகாசியில் தீப்பெட்டி அடுக்குவதும் பெண்கள் கைகளா இல்லையா என்று திருப்பிக் கேள். இயந்திரத்தோடு வாழ உன் கைக்குத் தெரியும். இயந்திரத்தைப் படைக்கும் இடத்திலும் உன் கை இருக்க வேண்டும், இருந்தே ஆக வேண்டும்.

பெற்றோரே, பிள்ளை கட்டையோடு உட்கார்ந்தால் ‘படிக்கிற வேலையைப் பார்’ என்று விரட்டாதீர்கள். அவன் படித்துக்கொண்டுதான் இருக்கிறான். ஆசிரியர்களே, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மாணவர்கள் கையால் செய்து பழகத்தான் 2016 முதல் அடல் டிங்கரிங் லேப் திட்டம் இருக்கிறது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதி. உங்கள் பள்ளியில் அந்த அறை இருந்தால் கதவைத் திறந்து வையுங்கள். இல்லையென்றால் விண்ணப்பியுங்கள். உடையும் என்று பயந்து பெட்டியைப் பூட்டி வைக்க வேண்டாம். உடைந்த பல்சக்கரம் பூட்டிய பெட்டியைவிட அதிகம் கற்றுக் கொடுக்கும்.

இனி உன் முறை. நான்கு பேர் சேருங்கள். ஒருவன் சட்டம், ஒருத்தி பல்சக்கரம், ஒருவன் கம்பி இணைப்பு, ஒருத்தி சக்கரம். ஒரு பலகையை எடுத்து ஒரு முனையின் கீழ் ஒரு செங்கல் வையுங்கள். வண்டியின் மேல் அரை கிலோ பால்கோவா டப்பாவை ஏற்றுங்கள். ஏறுகிறதா? செங்கல் இரண்டு ஆகட்டும், பிறகு மூன்று. சக்கரம் வழுக்கினால் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றுங்கள். மோட்டார் திணறினால் இன்னொரு பல்சக்கர ஜோடியைச் சேருங்கள். பின்பக்கமாகக் கவிழ்ந்தால் பேட்டரியை முன்னுக்கு நகர்த்துங்கள். சட்டம் நெளிந்தால் குறுக்கே ஒரு குச்சி. மூன்று செங்கல் உயரம் ஏறியதும், வரும் ஞாயிற்றுக்கிழமை பலகையைத் தெருவுக்குக் கொண்டுவந்து, அடுத்த தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ‘உங்க வண்டி நாலு செங்கல் ஏறுமா?’ என்று சவால் விடுங்கள்.