யஃகூப் நபி கேட்ட கேள்வி

 

நம் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் காமநாயக்கன்பட்டி இருக்கிறது. ஆகஸ்ட் 15 பரலோக மாதா திருவிழாவுக்கு எவ்வளவு கூட்டம் போகிறது என்று உங்களுக்கே தெரியும். வீரமாமுனிவர் என்று நாம் படிக்கிற பெஸ்கி, 1680-ல் இத்தாலியில் பிறந்தவர், அந்த ஊரில் இருந்து ஊழியம் செய்தவர். அவருடைய கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. ஆனால் இந்தக் கரிசல்காடு வரை ஆள் அனுப்பிய ஐரோப்பா இன்று எப்படி இருக்கிறது?

இங்கிலாந்து, வேல்ஸில் 2001 கணக்கெடுப்பில் 100-க்கு 72 பேர் கிறிஸ்தவர்கள் என்று எழுதினார்கள். 2021-ல் அது 46. மதமே இல்லை என்றவர்கள் 37. பூசை வைக்கப் பாதிரியார் போதாமல், இப்போது இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகிறார்கள். இதில் நாம் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

நாத்திகப் பிரச்சாரம்தான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். நம் தமிழ்நாட்டில் 1925-ல் சுயமரியாதை இயக்கம் தொடங்கியது. பெரியார் ஊர் ஊராக மேடை போட்டுக் கடவுள் இல்லை என்றார். 2011 கணக்கெடுப்பில் மதம் குறிப்பிடாதவர்கள் இந்தியா முழுக்க 100-க்கு ஒருவர்கூட இல்லை! மேடைப் பேச்சு மட்டும் காரணமென்றால் இங்கேதானே முதலில் காலியாகியிருக்க வேண்டும்?

அங்கே வீட்டுக்குள் பேச்சு நின்றது. தாத்தா வாராவாரம் போனார். மகன் கிறிஸ்துமஸுக்கு மட்டும் போனார். பேரனுக்கு எதற்குப் போகவேண்டும் என்றே தெரியவில்லை. யாரும் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறவில்லை.

நம் பக்கம் வருவோம். ஜும்ஆவில் வாசல் வரை ஸஃப் நிற்கிறது. சுபுஹில் எத்தனை பேர்? அத்தா ஐந்து வேளை, மகன் ஜும்ஆ, பேரன் பெருநாள். மக்தபுக்குப் பிள்ளை வரவில்லையே என்றால், "ஹஜ்ரத், டியூஷன் இருக்கு" என்கிறார்கள். டியூஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கரிசல் மண் பெய்த மழையைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அந்த ஈரத்திலேயே பருத்தி, உளுந்து வந்துவிடும். அதற்கும் கணக்கு உண்டு. அடுத்த மழை தவறினால் பாளம் பாளமாக வெடித்துவிடும். தாத்தாவின் ஈமான் எத்தனை தலைமுறைக்கு ஈரம் கொடுக்கும்?

சூரத்துல் பகராவின் 133-வது வசனத்தைப் பாருங்கள். மவ்த்துடைய நேரத்தில் யஃகூப் (அலை) அவர்கள் பிள்ளைகளிடம் நிலத்தைப் பற்றியோ ஆடுமாட்டைப் பற்றியோ கேட்கவில்லை. எனக்குப் பிறகு யாரை வணங்குவீர்கள் என்று கேட்டார்கள். நபியின் பிள்ளைகள்தானே, தெரிந்திருக்கும் என்று விட்டுவிடவில்லை. பிள்ளைகளும் இப்ராஹீம், இஸ்மாயீல், இஸ்ஹாக் (அலை) என்று முன்னோர்கள் பெயரைச் சொல்லி, அவர்கள் வணங்கிய ஒரே இறைவனை வணங்குவோம் என்று பதில் சொன்னார்கள்.

இன்று இரவு சாப்பிடும்போது போனை ஒதுக்கிவைத்துவிட்டு உங்கள் பிள்ளையிடம் பேசிப் பாருங்கள். "எதுக்குத் தொழணும்?" என்று திருப்பிக் கேட்டால் அதட்டாதீர்கள். பதில் சொல்ல வரவில்லையென்றால் மஃரிபுக்குப் பிறகு இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். இஷா வரை நான் பள்ளியில்தான் இருப்பேன்.