பச்சைக் கட்டம்

என் வங்கிக் கணக்கில் ‘வளர்ச்சி’ என்று பெயர் வைத்த ஒரு தனி சேமிப்பு இருக்கிறது. சம்பளம் வந்த மறுநாள் பத்து சதவீதம் தானாக அதில் போய்ச் சேரும். சனி, ஞாயிறு காலைகள் காலண்டரில் பச்சைக் கட்டம். அந்த நேரத்தில் யார் போனையும் எடுப்பதில்லை. மூன்று வருடமாக இப்படித்தான். வாங்கிப் பாதியில் விட்ட ஆன்லைன் கோர்ஸ்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால், பலன் இருக்கத்தான் செய்கிறது.

போன வருடம் அந்தப் பணத்தில் ஜவ்வாது மலைக்குப் போனேன். காவலூர் வானாய்வகத்தைப் பார்க்க வேண்டுமென்று கல்லூரி நாளிலிருந்தே ஆசை. 1960இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்ற வைணு பாப்பு, நட்சத்திரங்களைப் பார்க்க அங்குள்ள வானம் போதாது என்று இடம் தேடி அலைந்து இந்தக் காட்டைப் பிடித்தார். 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்வது என்று இறங்கினார். அது முடியும் முன்னரே, 1982இல் இறந்துபோனார். 1986இல் திறந்தபோது அவர் பெயரை வைத்தார்கள். இதையெல்லாம் நோட்டில் குறித்து, பக்கத்தில் ‘நீண்டகால முதலீடு’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அப்போது என் மூளை அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஜமுனாமரத்தூரில் டீ குடிக்கும்போது கடைக்காரர் கேட்டார்: “எங்க மலைப் பொண்ணு ஜட்ஜ் ஆச்சே, தெரியுமா சார்?”

தெரியும். ஸ்ரீபதி. புலியூர், மலையாளி பழங்குடி. 2023 நவம்பரில், குழந்தை பிறந்த சில நாட்களிலேயே சென்னைக்குப் போய் சிவில் நீதிபதி தேர்வு எழுதினார். 2024 பிப்ரவரியில் செய்தி எல்லா இடத்திலும் ஓடியது. அப்போது வயது 23. நானும் ஷேர் செய்திருந்தேன், ‘மன உறுதி’ என்று ஏதோ எழுதி. அந்தச் செய்தியிலேயே கணவரும் அம்மாவும் கூட நின்றது இருந்தது. அதை நான் படித்தும் தாண்டிப் போயிருந்தேன். பச்சை உடம்போடு பரீட்சைக்குப் போகிறவளுக்குக் காலண்டரில் கட்டம் போட்டு நேரம் வராது. இன்னொருவர் தன் நேரத்தைக் கழற்றிக் கொடுக்க வேண்டும்.

அன்று இரவு திருப்பத்தூரில் தங்கச்சி வீட்டில் தங்கினேன். “இவ்ளோ பக்கத்துல இருந்தும் நான் அந்த டெலஸ்கோப்ப பாத்ததே இல்லண்ணா” என்றாள். நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கும்போது அவள் ப்ளஸ் டூ முடித்தாள். மார்க் என்னைவிட அதிகம். வீட்டில் ஒருத்தர் ஃபீஸுக்குத்தான் வழி இருந்தது. ‘ஒரு வருஷம் போகட்டும்’ என்றார் அப்பா. அந்த ஒரு வருஷம் முடியவே இல்லை.

சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள், தொலைதூரக் கல்வியில் பி.காம் சேரப் போவதாக.

“தாராளமா சேரும்மா. ஃபீஸ் நான் கட்டுறேன்.”

“ஃபீஸ் நான் கட்டிப்பேன். ஞாயித்துக்கிழமை கிளாஸ் இருக்கு. அவருக்கு அன்னிக்கும் கடை. பசங்கள யாரு பாத்துப்பா?”

நான் ரசத்தை இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தனக்கென்று பணமும் நேரமும் ஒதுக்குவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. மலையில் சாமை விதைக்கிறவர்கள் அறுத்ததையெல்லாம் பொங்கித் தின்றுவிட முடியாது, விதைக்கு எடுத்து வைத்தாக வேண்டும். ஆனால் அந்த விதை வீட்டிலுள்ள எல்லோர் தட்டிலிருந்தும் குறைவது. விளைந்தால் எல்லோர் தட்டுக்கும் வருவது. என் படிப்புக்கு அவள் தட்டிலிருந்து எடுத்தார்கள். விளைந்ததை நான் ‘வளர்ச்சி’ என்று பெயர் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன். பணம் கொடுப்பதாகச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைக்கவில்லை, நேரம் என்றதும் அடைத்தது. எது எனக்கு உண்மையில் விலை உயர்ந்தது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. என் ஞாயிறுகள் அவள் பிள்ளைகளை மேய்ப்பதில் போனால் நான் வளர்வேனா? தெரியவில்லை. அவள் அன்று இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்க யாரும் அவளுக்கு இடம் தரவில்லை என்பதே சரி.

வகுப்புகள் அடுத்த மாதம் ஆரம்பம். மொத்தம் பன்னிரண்டு ஞாயிறு. பெங்களூரிலிருந்து ஜோலார்பேட்டைக்கு நான்குக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். மீதி எட்டு இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது.