பிடுங்கி நடப்பட்ட நாற்றே, வேர் பிடி!



நம்முடைய தொப்பூர் பக்கத்தில் காய்கறி வைக்கிற எந்த விவசாயியைக் கேட்டாலும் ஒன்றைச் சொல்லுவார். "விதை முளைச்சுடும் ஐயா. நாத்தைப் புடுங்கி நட்டு, அது உசிரு புடிக்கறதுலதான் எல்லாம் இருக்கு." இந்த ஒரு வார்த்தையில் ஒரு முழுப் பிரசங்கம் இருக்கிறது. இந்த மாதம் அதைத்தான் தியானிக்கப் போகிறோம்.

சங்கீதம் 80-ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள். தேவன் எகிப்திலிருந்து ஒரு திராட்சச்செடியைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பாக இடத்தைச் சுத்தம் பண்ணினார். பிறகு நட்டார். அது ஆழமாய் வேர்விட்டுப் படர்ந்தது. கவனித்தீர்களா? அங்கே விதை விதைத்ததாகச் சொல்லவில்லை. ஓரிடத்தில் இருந்ததை எடுத்து இன்னோரிடத்தில் வைத்தார். நம்முடைய தேவன் நாற்று நடத் தெரிந்த தேவன்! அல்லேலூயா!

நம்முடைய குழம்புச் சட்டியைப் பாருங்கள். தக்காளியும் மிளகாயும் நம் நாட்டுச் செடிகளே அல்ல. அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். மிளகாய் 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் மூலமாய் இந்தியாவுக்கு வந்தது. கடல் தாண்டி வந்த செடி இன்றைக்குப் பாலக்கோட்டுத் தக்காளி மண்டியை நிரப்புகிறது என்றால், பிடுங்கி நடப்பட்டது அழிந்துபோக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சரியாய் நட வேண்டும், அவ்வளவுதான்.

முதலாவது, நாற்றங்காலுக்கு ஒரு காலம் உண்டு.

தக்காளி நாற்று சுமார் 25 நாளில் நடவுக்கு வரும். கத்தரிக்கு 30 முதல் 35 நாள். மிளகாய்க்கு 40 முதல் 45 நாள். முந்திப் பிடுங்கினால் தண்டு வெயில் தாங்காது. பிந்திப் பிடுங்கினால் நாற்று நெட்டையாய் ஓடி, பாத்தியிலேயே பூ எடுத்து, நட்ட இடத்தில் வளராமல் நிற்கும். அன்னாள் என்ன செய்தாள்? பொருத்தனை பண்ணினவள்தான். ஆனாலும் பிள்ளை பால் மறக்கும் வரைக்கும் வீட்டில் வைத்திருந்தாள். அதற்கு அப்புறம்தான் சீலோவுக்குக் கொண்டுபோய் விட்டாள். விட்டதோடு மறந்தாளா? வருஷத்துக்கு வருஷம் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள் (1 சாமுவேல் 2). நட்டவர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பிடுங்குவதற்கு முன்னே வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

நிழல்வலைக்குள் வளர்ந்த நாற்று பார்க்க அழகாய்த்தான் இருக்கும். அப்படியே கொண்டுபோய்த் திறந்த கொல்லையில் வைத்தால் ஒரே மத்தியானத்தில் சுருண்டுவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் நடுவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைக்கிறார்கள், நிழலையும் மெதுவாய் விலக்குகிறார்கள். நாற்று வளர்ச்சியை அடக்கி, தண்டைக் கெட்டியாக்கிக் கொள்ளும். இது நாற்றின் மேல் கோபமா? இல்லை, அது பிழைக்க வேண்டும் என்கிற அக்கறை. தேவ பிள்ளையே, சமீப நாட்களாய் உன் வாழ்க்கையில் தண்ணீர் குறைந்ததுபோல் இருக்கிறதா? நிழல் விலகினதுபோல் இருக்கிறதா? கலங்காதே. தோட்டக்காரர் உன்னைப் பெரிய நிலத்துக்கு ஆயத்தப்படுத்துகிறார்.

யோனாவுக்கு நிழல் கொடுத்த செடியை நினைத்துப் பாருங்கள். ஒரு ராத்திரியில் வளர்ந்தது, ஒரு புழு கடித்ததும் பட்டுப்போனது. வேகமாய் வளர்ந்ததெல்லாம் நிலைக்கும் என்று எண்ணாதிருங்கள்.

மூன்றாவது, வேரோடு மண்ணும் வர வேண்டும்.

நாற்று ஏன் வாடுகிறது தெரியுமா? தண்ணீரை உறிஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தூவிகள். காய்ந்த பாத்தியில் வெடுக்கென்று பிடுங்கினால் அந்தத் தூவிகள் மண்ணிலேயே அறுந்து நின்றுபோகும். இலையோ வழக்கம்போலத் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். வரவு நின்று, செலவு மட்டும் நடக்கிற வீடு மாதிரி! ஆகையால் பிடுங்குவதற்கு முன் பாத்தியை நன்றாய் நனைக்க வேண்டும். இப்பொழுது 98 குழி உள்ள தட்டுகளில் தென்னை நார்க்கழிவைப் போட்டு நாற்று வளர்க்கிறார்கள். வேர்ப்பந்து உடையாமல் அப்படியே வருகிறது, வாட்டமும் குறைவு.

ஓசூருக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளை நினையுங்கள். பெட்டி கட்டிக் கொடுக்கிறோம். ஊறுகாய், முறுக்கு எல்லாம் வைக்கிறோம். வேரோடு ஒட்டின மண்ணை வைத்து அனுப்புகிறோமா? காலையில் எழுந்ததும் ஜெபிக்கிற பழக்கம், தானாய் வேதத்தைத் திறந்து வாசிக்கிற பழக்கம், கஷ்டத்தைச் சொல்லி அழ ஒரு மூத்த விசுவாசி. இதுதான் அந்த மண். அப்பா அம்மாவின் ஜெபத்தில் மட்டும் நின்ற பிள்ளைக்குச் சொந்த வேர் எங்கே இருக்கும்?

நான்காவது, சாயங்காலத்தில் நடு, மூன்றாம் நாள் போய்ப் பார்.

வெயில் இறங்கின பிறகு நட்டால் ராத்திரிக் குளிர்ச்சியில் நாற்றுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். நட்டவுடனே ஒரு தண்ணீர். மூன்றாம் நாள் மறுபடியும் தண்ணீர். அந்த மூன்றாம் நாள் தண்ணீருக்கு நம் ஜனங்கள் வைத்திருக்கிற பெயர் என்ன? உயிர்த்தண்ணி! எவ்வளவு ஆழமான பெயர், பாருங்கள். நட்ட மறுநாள் செடி தலை தொங்கி நிற்கும். தெரியாதவன் "செத்துப்போச்சு" என்று போய்விடுவான். தெரிந்தவன், "வாட்டந்தான், சாகல" என்று மடை திருப்புவான்.

மோவாபிலிருந்து பெத்லெகேமுக்கு வந்த ரூத்தைப் பாருங்கள். புருஷனை இழந்தவள், புது ஊர், புது ஜனம். போவாஸ் அவளுக்குப் பிரசங்கம் பண்ணிவிட்டுப் போகவில்லை. அவளை யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று வேலைக்காரரிடம் சொன்னான். தாகம் எடுத்தால் குடிக்கத் தண்ணீர் காட்டினான். அவள் பொறுக்கிக்கொள்ளட்டும் என்று வேண்டுமென்றே கதிர்களைச் சிந்தவிடச் சொன்னான். அதுதான் உயிர்த்தண்ணி! அந்த நாற்று வேர் பிடித்தது. தாவீது ராஜா அவள் சந்ததியில் வந்தார்.

பிரியமானவர்களே, ஒருவர் ஞானஸ்நானம் எடுத்த ஞாயிற்றுக்கிழமை நாம் கைதட்டிப் பாடுகிறோம். புதன்கிழமை அவர் வீட்டுக்கு யார் போனோம்? சொந்தக்காரர் கேலி பேசுவதும், அடுத்த வீட்டில் பேச்சு நிற்பதும் அந்த முதல் வாரத்தில்தான். கல்யாணமாகி நம் சபைக்கு வந்த மருமகளிடம் "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்க எத்தனை அம்மாமார் இருந்தார்கள்?

ஐந்தாவது, உரத்துக்கு அவசரப்படாதே.

நட்ட அன்றைக்கே வேருக்குப் பக்கத்தில் யூரியா கொட்டினால் என்ன ஆகும்? கருகிப்போகும். தக்காளிக்கு மேலுரம் வைப்பது நட்டு ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து. முதலில் வேர் பிடிக்கட்டும். நாமோ நேற்று இரட்சிக்கப்பட்ட தம்பியை இன்றைக்கு மேடையில் ஏற்றி மைக்கைக் கையில் கொடுத்துவிடுகிறோம். புதிதாய் வந்தவனுக்குப் பொறுப்பு கொடுத்தால் பெருமையில் விழுந்துபோவான் என்று பவுல் தீமோத்தேயுவை எச்சரித்திருக்கிறார் அல்லவா?

இன்னொரு காரியம். தண்ணீர், உரம் எல்லாம் சரியாய் இருந்தும் சில நாற்றுகள் காலையில் அறுந்து கிடக்கும். பகலில் மண்ணுக்குள் ஒளிந்திருந்து ராத்திரியில் தண்டை அடியோடு வெட்டுகிற வெட்டுப்புழுவின் வேலை அது. சபையிலும் அந்தப் புழு உண்டு. அதன் பெயர் புறங்கூறுதல்! "அவனா? அவன் எத்தனை நாளைக்கு வருவான் பாரு" என்று ஒரு வார்த்தை போதும், இளம் தண்டு அறுந்துவிடும். ஜாக்கிரதை!

ஆறாவது, காலியான இடத்தை எண்ணிப் பார்.

வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர் என்று நட்டால் ஏக்கருக்குச் சுமார் 15,000 நாற்று பிடிக்கும். அத்தனையும் பிழைப்பதில்லை. பத்தில் ஒன்று போனாலே 1,500 இடம் காலி. விவசாயி அதைப் பார்த்து உட்கார்ந்து அழுவதில்லை. ஒரு வாரம் பத்து நாளுக்குள் அந்த இடங்களில் வேறு நாற்று வைத்துவிடுவான்.

ஆனால் இந்த இடத்தில் உவமை நின்றுபோகிறது. செத்த நாற்றுக்கு வேறு நாற்று வைக்கலாம். ஒரு ஆத்துமாவுக்கு வேறு ஆத்துமாவை வைத்துக் கணக்கைச் சரிக்கட்ட முடியாது! "போனா போகட்டும், புதுசா நாலு பேர் வந்திருக்காங்க" என்று மேய்ப்பன் சொல்லமாட்டான். தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போகிறவர் நம்முடைய ஆண்டவர். பாதி வழியில் ஊழியத்தை விட்டுத் திரும்பிப்போன மாற்கு என்னும் யோவானைப் பவுல் மறுபடியும் சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. பர்னபா விடவில்லை. கூட்டிக்கொண்டு போனான். முடிவில் அதே பவுல், மாற்கைத் தன்னிடத்தில் அழைத்து வரும்படி கேட்டு எழுதினார் (2 தீமோத்தேயு 4). வாடின நாற்று நிமிர்ந்தது! தேவனுக்கு ஸ்தோத்திரம்!

ஆகவே இந்த மாதம் ஒவ்வொரு வீட்டாரும் ஒரு தீர்மானம் எடுங்கள். வெளியூர் போகிற பிள்ளை புறப்படுவதற்கு முன்னமே, அந்த ஊரில் உள்ள ஒரு சபையையோ ஒரு விசுவாசியையோ விசாரித்துச் சொல்லி வையுங்கள். முன்பாகவே இடத்தைச் சுத்தம் பண்ணுகிறது என்றால் இதுதான். போன மூன்றாம் நாள் போன் பண்ணுங்கள். சம்பளம் எவ்வளவு என்று முதலில் கேட்காதிருங்கள். "எப்படி இருக்கிறாய்? ஜெபம் பண்ண முடிகிறதா?" என்று கேளுங்கள். புதிதாய் வந்த குடும்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வீட்டார், முதல் பத்து நாளில் மூன்று தடவையாவது போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். மூன்று மாதமாய் வராதவர்களின் பெயரை எழுதி வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் பொறுப்பேற்று ஜெபித்துத் தேடிப் போங்கள்.

இதை வாசிக்கிற அருமையான தம்பியே, தங்கையே, நீ பழகாத ஊரில் தனியறையில் உட்கார்ந்திருக்கிறாயோ? தலை தொங்கிவிட்டதோ? மண் அணைத்த தக்காளித் தண்டிலிருந்தும் புது வேர் புறப்படும். கொஞ்சம் ஆழமாய்ப் புதைக்கப்பட்டதே அதற்கு இரட்டை வேர் ஆகிறது. உன்னைப் புதைப்பதுபோல் தெரிகிற அதே சூழ்நிலையில் கர்த்தர் உனக்குப் புது வேரைக் கட்டளையிடுவார். உன்னை நட்டவர் உன்னை மறக்கிறவர் அல்ல.

ஜெபம் செய்வோம். அன்பின் பரலோகப் பிதாவே, பிடுங்கி நடப்பட்ட எங்கள் பிள்ளைகளை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். வாட்டத்தில் இருக்கிறவர்களுக்கு உயிர்த்தண்ணீர் அனுப்பும். அந்தத் தண்ணீரைச் சுமந்து போகிற குடங்களாக எங்களை எடுத்து உபயோகியும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்! ஆமென்!