80-ல் ஒரு நடுக்கம்

உங்கள் பழைய காரை விற்கப் போகிறீர்கள். 60 வரை சமர்த்தாக ஓடுகிறது. 80-ஐத் தொட்டால் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடுகிறது. வாங்க வந்தவர் தெருவுக்குள்ளேயே ஒரு ரவுண்டு அடித்துவிட்டு, 'வண்டி ஜம்முனு இருக்கு சார்' என்கிறார். ஆட்டத்தைச் சொல்வீர்களா?

'அவர் கேக்கலையே' என்று மனசு வக்கீல் வேலை பார்க்கும். என் மனசும் பார்த்திருக்கிறது.

ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கர பேலன்ஸ்தான். ரிம்மில் சில கிராம் எடைத்துண்டு வைத்தால் தீர்ந்தது. ஸீட் அதிர்ந்தால் பின்சக்கரம். அம்பாசடர் மாதிரி வண்டியென்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டாகவும் இருக்கலாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் செலவுக் கணக்கு. ஆனால் டயர் பக்கவாட்டில் புடைத்திருந்தால்? ஹைவேயில் வெடிக்கலாம்.

இத்தனை நாளாக ஏன் மெக்கானிக்கிடம் காட்டவில்லை? வீல் பேலன்ஸ் பார்க்க ஆகும் காசு நமக்குப் பெரிசில்லை. காட்டினால் தெரிந்துவிடும். தெரிந்தபின் 'எனக்குத் தெரியாதே' என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். தெரிந்து மறைப்பதைவிட, தெரியாமல் பார்த்துக்கொள்வது நமக்கு எவ்வளவு சௌகரியம்!

அட்வான்ஸை எண்ணிக் கொடுக்கிறார் அவர். வரும் சனிக்கிழமை இதில்தான் குடும்பத்தோடு திருப்பதிக்குக் கிளம்புகிறாராம்.