பிரம்பும் பேச்சும்

அந்தச் சிறுவனைக் காட்டுக்கு அனுப்பினர். விளையாட அல்ல, விறகு பொறுக்க அல்ல. கொடி ஒன்று வெட்டி வர! வெட்டி வந்தான். அந்தக் கொடியாலேயே அவனை அடித்தனர். அவன் செய்த குற்றம்? பள்ளி வளாகத்திலே தாய்மொழியில் பேசிவிட்டான்.

நாடு நியூசிலாந்து. இனம் மாவோரி. சிறுவன் பெயர் ஜேம்ஸ் எனாரே. பின்னாளில், இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், மாவோரிப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய தீரர் அவர். குண்டு மழைக்கு அஞ்சாத அந்த வீரர், முதுமையிலே வைத்தாங்கித் தீர்ப்பாயத்தின் முன் அமர்ந்து, பிள்ளைப் பருவத்தில் வாங்கிய அந்த அடியை நினைவு கூர்ந்தார். முதுகிலே பட்டது ஆறியிருக்கும். உள்ளத்திலே பட்டது ஆறவில்லை.

அந்தப் பள்ளிகளிலே அடித்தவர்கள் அனைவரும் அரக்கர்களா? அல்லர். நம்மை உலுக்க வேண்டிய செய்தி அதுதான். ஆங்கிலம் பேசினால்தான் பிழைப்பு நடக்கும் என்று அவருக்கு அறிவுரை கூறினார் ஓர் ஆசிரியர். பிள்ளை வாழ வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சொல்லிலே இல்லையென்று கூற முடியுமா? அப்படியானால், நன்மை செய்கிறோம் என்று நம்பிச் செய்த தீமைக்கு என்ன பெயர்? அந்தத் தீமைக்குப் பொறுப்பாளி யார்?

"மாவோரிகளே விரும்பிக் கேட்டதுதானே ஆங்கிலக் கல்வி!" என்பர் சிலர். உண்மைதான். 1867ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கென்று பள்ளிகளை ஏற்படுத்தியபோது, பள்ளிக்கு நிலம் அளித்தவர்கள் அவர்களே. 1870-களில் ஆங்கிலம் கற்பிக்குமாறு நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் செய்தோரும் அவர்களுள் உண்டு. ஆனால் அவர்கள் கேட்டது என்ன? இருக்கும் மொழியோடு இன்னொரு மொழி. கிடைத்தது என்ன? இருந்த மொழிக்குப் பிரம்படி! கூட்டல் கேட்டவர்களுக்குக் கழித்தலைக் கற்பித்துவிட்டு, "நீங்கள் கேட்ட கணக்குத்தானே" என்பது நீதியாகுமா?

விளைவைப் பாருங்கள். 1913இல் மாவோரிப் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 90 பேர் தம் மொழி பேசினர். 1953இல் 26 பேர். 1975இலோ 5 பேருக்கும் குறைவு! போருக்குப் பின் பிழைப்புத் தேடி மக்கள் நகரங்களுக்குக் குடியேறியதும் ஒரு காரணம். ஆயினும், அடிபட்ட பிள்ளைகள் வளர்ந்து பெற்றோர் ஆனார்கள் அல்லவா? தாம் பட்ட வேதனை தம் மக்களுக்கு வேண்டாம் என்று எண்ணினர். தொட்டிலருகே தாய்மொழியை அடக்கிக்கொண்டனர். அவர்களைக் குறை கூற எனக்கு நா எழவில்லை. உணவா மொழியா என்று கேட்டு ஒருவரை மூலையிலே நிறுத்திவிட்டு, அவர் உணவைத் தேர்ந்தெடுத்ததும், "தாமே விரும்பி மொழியை விட்டார்" என்று எழுதி வைப்பது வரலாறு ஆகாது.

நானும் ஓர் ஆசிரியன். சென்ற ஆண்டு, வகுப்பிலே ஒரு சிறுவன் தன் சேரியின் பேச்சிலே விடை சொன்னான். விடை சரி. ஆனால் அவன் சொல்லிய விதத்தை நான் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். வகுப்பு முழுதும் சிரித்தது. திருத்தம் செய்ததாகவே எண்ணிக்கொண்டேன். அதன்பின் பல நாட்கள் அவன் வாய் திறக்கவில்லை. பிரம்பு எடுக்காதவன் நான் என்று இறுமாந்திருந்தேன். என் நாவிலேயே அது இருந்தது! எனாரேயின் கதையைப் படித்தபோது, நான் தேடிச் சென்று நின்றது அடிபட்டவர் பக்கத்தில். என்னைக் கண்டுகொண்டதோ அடித்தவர் பக்கத்தில்.

இருட்டிலே கால் இடறி அண்டை வீட்டாரின் குடத்தை உடைத்தவன் கெட்டவன் அல்லன். ஆயினும் புதுக் குடம் வாங்கித் தர வேண்டியவன் அவனே. நல்லெண்ணம் பழியைக் குறைக்கலாம்; கடனைக் குறைக்காது. 1840இல் கையெழுத்தான வைத்தாங்கி உடன்படிக்கையின் மாவோரி வாசகத்திலே, மக்களின் 'தாவோங்கா', அதாவது போற்றுதற்குரிய செல்வங்கள், அவர்களுக்கே உறுதி செய்யப்பட்டிருந்தன. மொழியும் அத்தகைய செல்வமே என்று 1986இல் தீர்ப்பாயம் உரைத்தது. தீங்கு செய்யாமல் ஒதுங்கி நிற்பது போதாது. முன்வந்து காப்பதே அரசின் கடமை என்றும் கூறிற்று. மறு ஆண்டே மாவோரி ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று.

ஆனால் சட்டம் வரும்வரை அந்த மக்கள் கைகட்டிக் காத்திருக்கவில்லை. 1972இலேயே 30,000க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டுப் பள்ளிகளில் தம் மொழிக்கு இடம் கேட்டனர். 1982இல், வைனுயோமாட்டா என்னும் ஊரிலே முதல் 'கோஹங்கா ரியோ' தொடங்கிற்று. மொழிக்கூடு என்பது அதன் பொருள். குஞ்சுக்குத் தாய்ப்பறவை இரை ஊட்டுவதுபோல், முதியோர் மழலையருக்குச் சொல் ஊட்டினர். 1994இல் அத்தகைய கூடுகள் 800 அளவுக்குப் பெருகின. 14,000 பிள்ளைகள் அங்கே பயின்றனர். 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே, மாவோரி பேசுவோர் 2 லட்சத்துக்கு மேல். நாட்டு மக்கள் தொகையிலே இது சிறு பங்குதான். கடன் இன்னும் தீரவில்லை.

இடையிலே ஒரு தலைமுறை மௌனமாயிற்று. அதன் இழப்பை எந்தச் சட்டமும் ஈடுசெய்யாது. ஆகவே, பிறருக்கு நன்மை செய்யப் புறப்படும் நாம், ஆசிரியராயினும் ஆள்வோராயினும், முதலில் ஒன்றைக் கேட்டுப் பழக வேண்டும்: நான் கொடுப்பதைப் பெறுவதற்காக இந்தப் பிள்ளை எதை இழக்க வேண்டியிருக்கிறது?

அந்தச் சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டேன். வகுப்பின் நடுவே, அனைவரும் கேட்கக் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. மறுநாள், ஒரு கேள்விக்குக் கை உயர்த்தினான். தன் பேச்சிலேயே விடை சொன்னான். நான் திருத்தவில்லை. அவன் சொன்னபடியே கரும்பலகையில் எழுதி, அதன் அருகே நூல்வழக்கையும் எழுதினேன். இரண்டும் அங்கே இருந்தன.