போகிற விருந்தாளியை மறிக்கலாமா?

வருகிற விருந்தாளியை வரவேற்கும் முறையை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலிலே செம்பில் தண்ணீர் வைத்துக் காத்திருந்த சமூகம் நாம். வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கினார். மம்ரே தோப்பில் வழிப்போக்கர் மூவரைக் கண்ட ஆபிரகாம் ஓடிச்சென்று வரவேற்ற கதையை எம் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால், புறப்பட்டுப் போகிற விருந்தாளிக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? போகக்கூடாத வேளையில் அவர் போக எழுந்தால், மறிப்பது அன்பா, அல்லது பிறருடைய சுதந்திரத்தில் தலையிடும் அதிகப்பிரசங்கித்தனமா? இதனை ஆராய உங்களைச் சற்றுத் தூரத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

ஐக்கிய அமெரிக்காவிலே சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்போர் பலர். இரண்டு அல்லது நான்கு ஆசனங்கள், ஒரு பெற்றோல் இயந்திரம், முன்னால் ஒரு சுழல்விசிறி, அவ்வளவுதான். இவர்களிற் பலர் பிழைப்புக்காகப் பறப்பவர்களல்லர். சனி ஞாயிறுகளில் மனமகிழ்ச்சிக்காகப் பறப்பவர்கள். இவர்களுக்கென்றே நாட்டுப்புறங்களில் வாடிவீடு திறப்போரும் உண்டு. மேடுபள்ளம் நிரவிய ஈராயிரம் மூவாயிரம் அடி நீளப் புற்றரை, இரு முனைகளிலும் மரமில்லாத வெளி, காற்றின் திசை காட்டக் கம்பத்திலே ஒரு துணிக்குழாய், இரவுக் காற்று புரட்டிவிடாதபடி விமானத்தைக் கட்டிவைக்கக் கயிறு, சில அறைகள், அடுப்பிலே கோப்பி, கடைத்தெருவுக்குப் போய்வர ஒரு பழைய கார் ஆகியன இருந்தால் வாடிவீடு தயார். புதிதாக ஓடுபாதை அமைப்பவர் மத்திய விமானப் போக்குவரத்து நிருவாகத்துக்கு 90 நாட்களுக்கு முன்னரே அறிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

இவ்வகைப் பறப்புக்குப் பேர்போன இடம் ஐடாஹோ மாநிலத்தின் மலைநாடு. அங்கே 23 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டுப்பிரதேசமொன்றை 1980இல் காங்கிரஸ் சட்டமியற்றிப் பாதுகாத்தது. ‘திரும்பாத ஆறு’ என்பது அதன் பெயரில் ஒரு பகுதி. படகிலே கீழ்நோக்கிப் போனவர்கள் நீரோட்டத்தை எதிர்த்து மீளமுடியாதிருந்தமையால் சல்மன் ஆற்றுக்கு அக்காலத்தில் ஏற்பட்ட பட்டப்பெயர் அது. அக்காட்டுக்குள் மோட்டார் வண்டி ஓட முடியாது. ஆயினும் முன்பிருந்தே பாவனையிலுள்ள விமான ஓடுபாதைகளுக்கு அச்சட்டம் இடமளித்தது. மாநிலத்தின் சம்மதமின்றி அவற்றை நிரந்தரமாக மூடவும் முடியாது. எனவே தபால்கூடச் சிறு விமானத்திலேயே போய்ச் சேரும் பண்ணைகள் அங்கே உள்ளன. காலை உணவை உண்பதற்காகவே பறந்துபோய் இறங்குவோரும் உண்டு.

இனி, பிரச்சினை எங்கே வருகிறது என்று பாருங்கள். காற்று சூடேறினால் ஐதாகிறது. ஐதான காற்றில் இயந்திரத்தின் வலு குறையும், விசிறியின் பிடி தளரும், இறக்கை சுமக்கும் பாரமும் குறையும். கடல்மட்டத்திலிருந்து 5,000 அடி உயரத்திலுள்ள ஓர் ஓடுபாதை, வெப்பம் 30 பாகை செல்சியஸ் ஆகும்போது 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்கிறது. ஐடாஹோவில் பலரும் இறங்கும் ஜோன்சன் கிறீக் புற்றரை ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அதன் நீளம் 3,400 அடி. குளிர்ந்த காலையிலே மனைவியோடும் பிள்ளையோடும் சுகமாக வந்து இறங்கிய விமானம், பிற்பகல் இரண்டு மணிக்கு அதே பாரத்தோடு கிளம்பும்போது வேறு விமானமாகிவிடுகிறது. போதாதற்குப் பிற்பகலில் பள்ளத்தாக்குக் காற்றும் குழம்பும். ஆகவே, விடியற்காலையில் பற, வெயிலேறுமுன் இறங்கிவிடு என்பது அம்மலைநாட்டின் வழக்கம்.

இப்போது அந்த வாடிவீட்டுக்காரர் நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமவெளி நகரமொன்றிலிருந்து வந்த விருந்தாளி, நாளை திங்கட்கிழமை, கந்தோருக்குப் போயாக வேண்டும் என்கிறார். நேரம் பிற்பகல் இரண்டு. கம்பத்துத் துணிக்குழாய் ஒருமுறை அப்படியும் ஒருமுறை இப்படியும் அடிக்கிறது. அவர் சாமான்களை ஏற்றுகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?

சட்டம் தெளிவானது. விமானத்தைச் செலுத்தும் விமானியே இறுதி அதிகாரி, பொறுப்பும் அவருடையதே. அவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறது. உங்களிடம் கோப்பிக் கேத்தல்தான் இருக்கிறது. உங்கள் சட்டத்தரணியும், வாயைத் திறவாதேயும், ஆலோசனை சொன்னால் நாளை வழக்கில் உம்மையும் இழுப்பார்கள் என்று சொல்லக்கூடும். மௌனமாயிருக்க இத்தனை வசதியான நியாயங்கள் ஒருங்கே கிடைப்பது அரிது!

ஆனால் அதிகாரம் ஒருவரிடம் இருப்பதால் அறிவும் முழுவதும் அவரிடமே இருக்கிறது என்றாகாது. அந்தப் பள்ளத்தாக்கின் காற்றைப் பல ஆண்டுகளாகப் பார்த்தவர் நீங்கள். அவரோ நேற்று வந்தவர். அவருக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்வரை, அதைச் சொல்லும் கடமை உங்களைச் சேர்ந்தது. சொல்வது வேறு, தடுப்பது வேறு என்பதையும் மறக்கலாகாது. சாவியைப் பறிப்பதற்கு உங்களுக்கு உரிமையில்லை. சுயபுத்தியுள்ள மனிதனைக் குழந்தையாக்குவதும் ஓர் அவமதிப்பே.

இன்னொரு சிக்கல் உண்டு. பின் ஆசனத்திலே பட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்க விமானிக்கு என்ன உரிமை? தன் ஆபத்தைத் தானே தெரிந்து ஏற்கலாம். பிறருடைய ஆபத்தை அவர்கள் அறியாமலே ஏற்க முடியுமா? என்னைக் கேட்டால், முதலில் அவரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும். மனைவி பிள்ளை முன் அவரைத் தலைகுனிய வைக்கக்கூடாது. கேளாவிட்டால், அவர்களும் கேட்கச் சொல்ல வேண்டும். சகோதரனைத் திருத்தும் விதத்தை நற்செய்தியிலே படித்தவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல.

மதுவின் காரியத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. குடித்து எட்டு மணித்தியாலம் கழியுமுன் விமானம் செலுத்தலாகாது, இரத்தத்தில் மதுசாரம் 0.04 வீதத்தை எட்டவும் கூடாது என்பது அந்நாட்டு விதி. காலை ஆறு மணிக்குப் பறக்கவிருப்பவருக்கு இரவு பதினொரு மணிக்குக் கிண்ணத்தை நிரப்புகிறவர், விருந்தோம்பவில்லை, விதிமீறலில் பங்காளியாகிறார். 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி ஏடும், குடியினாலோ வேக மோகத்தினாலோ தம்மையும் பிறரையும் ஆபத்துக்குள்ளாக்குவோர் பாரதூரமான குற்றவாளிகளாகின்றனர் என்கையில், வீதியையும் கடலையும் மட்டுமல்லாது ஆகாயத்தையும் சேர்த்தே சொல்கிறது. கலியாண வீட்டிலே மைத்துனருக்கு இன்னொரு கிளாஸ் ஊற்றிவிட்டு, மோட்டார் சைக்கிளை உதைத்துக் கொடுக்கும் நாமும் இதைக் காதில் போட்டுக்கொள்வது நல்லது.

காசு விஷயத்துக்கு வருவோம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், பொழுதுபோக்குக்காகத் தம் காணியைப் பிறருக்கு இலவசமாகத் திறந்துவிடும் உரித்தாளருக்கு நட்டஈட்டு வழக்கிலிருந்து பெருமளவு பாதுகாப்பு உண்டு. அப்பொழுதுபோக்குகளில் விமானப் பறப்பையும் சேர்க்கவேண்டும் என, 2003இல் மொன்டானா விமானிகள் சிலர் தொடங்கிய ஓர் அமைப்பு மாநிலம் மாநிலமாகப் பாடுபட்டு வெற்றியும் கண்டிருக்கிறது. கட்டணம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு பொதுவாகப் போய்விடும். சட்டத்துக்கு இந்தக் கணக்குத் தேவைதான். மனச்சாட்சிக்கு இது செல்லாது. இலவசமாக வந்தவனுடைய உயிர் மலிவானதல்லவே.

ஆனால் காசு இன்னொரு வழியாகவும் குறுக்கே வரும். “இன்றிரவு தங்கிப் போங்கள்” என்று வாடிவீட்டுக்காரர் சொன்னால், அறை வாடகைக்காகச் சொல்கிறார் என்ற எண்ணம் விருந்தாளிக்கு எழாதா? எழும். அந்த எண்ணம் நல்ல ஆலோசனையையும் கெடுத்துவிடும். ஆகவே மறிக்கிறவர் அந்த இரவுக்குக் காசு வாங்கக்கூடாது என்பது என் துணிபு. வாடிவீடு திறக்க எண்ணுகிறவர் இதையும் முதலிலேயே செலவுக் கணக்கில் எழுதிவைக்கட்டும். வருடத்தில் சில இரவுகள் வருமானமின்றிப் போகும். அது தாங்காதென்றால், மலைநாட்டைவிட்டு வேறு தொழிலைப் பார்ப்பது உத்தமம்.

அயலவரையும் மறந்துவிட முடியாது. சத்தத்தைச் சகித்துக்கொள்ளலாம். எரிபொருளோ அப்படியல்ல. கார்களுக்கான ஈயம் கலந்த பெற்றோல், 2021இல் அல்ஜீரியாவும் கைவிட்டதோடு உலகெங்கும் ஒழிந்தது. இச்சிறு விமானங்களுக்கான வழக்கமான பெற்றோலிலோ லீற்றருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். அந்த ஈயப் புகை மக்களின் சுகத்துக்குக் கேடு என அமெரிக்கச் சுற்றாடல் நிறுவனம் 2023 ஒக்டோபரில் தீர்மானித்தது; 2030ஆம் ஆண்டின் முடிவுக்குள் ஈயமற்ற எரிபொருளுக்கு மாறுவதே அங்குள்ள இலக்கு. அதுவரை காத்திராமல், ஈயமற்றதை ஏற்கும் இயந்திரங்களுக்கு அதையே வாங்கி வைப்பது வாடிவீட்டுக்காரரால் இயலாத காரியமல்ல.

இடையிலே ஒன்று. விமானிகளின் பாதுகாவலியாகப் பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பர் 1920இல் பிரகடனஞ் செய்தது லொரேற்றோ அன்னையை. நாசரேத்தூர் வீட்டைச் சம்மனசுகள் ஆகாய வழியாகச் சுமந்து வந்தனர் என்ற பாரம்பரியமே அதற்குக் காரணம். பறப்பவர்களுக்கு ஒரு வீட்டின் அன்னையே துணையாக வாய்த்தமை எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, தனியே சொன்னீர்கள், மற்றவர் கேட்கவும் சொன்னீர்கள், இலவசமாக அறையும் தருவதாகச் சொன்னீர்கள். ஆனாலும் அவர் போகிறார். அதோடு உங்கள் வேலை முடிந்ததா? இல்லை. பாரத்தைக் குறைக்கும்படி கேளுங்கள். பெட்டிகளைப் பிறகு அனுப்பிவைக்கலாம். எந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் போகிறார், எத்தனை மணிக்கு இறங்குவார் என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். பறப்புத் திட்டத்தை முறைப்படி பதிவுசெய்தவர், குறித்த நேரத்துக்கு அரை மணித்தியாலம் கழிந்தும் அதை முடித்து அறிவிக்காவிட்டால், அங்கே அதிகாரிகள் விசாரிக்கத் தொடங்குவார்கள். பதிவுசெய்யாமற் போனவரைத் தேடும்படி சொல்ல உங்களைத் தவிர வேறெவரும் இல்லாதிருக்கலாம். “போய்ச் சேர்ந்ததும் அறிவியுங்கோ” என்று படலையடியிலே நின்று எங்கள் தாய்மார் சொல்வதுபோலச் சொல்லி அனுப்புங்கள். பிறகு அந்தத் தாளை மேசையில் வைத்து, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, செய்தி வரும்வரை தொலைபேசியைவிட்டு நகராதிருங்கள்.