முன்பே சொல்லியாயிற்று

‘முன்பே சொல்லியாயிற்று’ என்பது உலக வழக்கில் அடிக்கடி கேட்கப்படும் விடை. சொன்னவன் தன் கடமையை முடித்துவிட்டான் என்றும், அறியாதவனே குற்றவாளி என்றும் அது தீர்ப்பளிக்கிறது. ஆயின், சொல்லப்பட்டது தேவையுற்றவனின் கைக்கு எட்டாத இடத்தில் கிடக்குமாயின் சொன்னவனின் கடமை முடிந்ததாகுமா? அறிவைப் பேணுதல் வேறு; அதனைக் கண்டடையச் செய்தல் வேறு.

கணினித் தமிழின் வரலாறு இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும். 1990களில் பல நாடுகளில் சிதறி வாழ்ந்த தமிழார்வலர் மின்னஞ்சல் வழியே விவாதித்துத் ‘திஸ்கி’ என்னும் எழுத்துக் குறியேற்றத்தை வகுத்தனர். பின்னர் யுனிகோட் முறை நிலைபெற்றது. எழுத்துரு, விசைப்பலகை, மென்பொருள் மொழிபெயர்ப்பு ஆகியன பற்றி ஊதியம் கருதாது அவர்கள் நிகழ்த்திய உரையாடல்கள் பெருஞ்செல்வமாகும். ஆயினும், பசறைப் பகுதித் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர், தாம் முன்னர் தட்டச்சுச் செய்த வினாத்தாள் புதிய கணினியில் புரியாத குறிகளாகத் தோன்றக் காண்கிறார் என்று கொள்வோம். ‘எழுத்து மாறித் தெரிகிறது’ என்றே அவர் தேடுவார். விடையோ ‘குறியேற்ற மாற்றம்’ என்னும் தலைப்பின் கீழ் உறங்கும். நோயின் பெயரை அறிந்தவனுக்கே மருந்து கிடைக்கும் என்னும் நிலை இது. வேறு வழியின்றி அவர் மீண்டும் வினவினால், ‘முன்பே பேசியாயிற்று, தேடிப் பாரும்’ என்னும் கடிந்துரையே பதிலாகும்.

இக்குறை கணினி உலகிற்கு மட்டும் உரியதன்று. ஊவா மாகாணத்தில் அது உயிர் பற்றிய வினாவாகவே எழுந்தது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என 2005 இலும் 2011 இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, மக்களும் அதே லயன்களில் இருந்தனர். இங்கும் ‘முன்பே சொல்லியாயிற்று’ என்பது உண்மையே. அவ்வுண்மை எவரையும் காக்கவில்லை.

அறிந்திருந்தால் மட்டும் அவர்கள் எங்கே போயிருப்பார்கள் எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. சொந்த நிலமற்ற தொழிலாளிக்கு அறிக்கை வீடாகாது. எனினும், எழுத்திலுள்ள எச்சரிக்கையைக் கையில் ஏந்தியவன் வீடு கோரலாம்; அதன் இருப்பையே அறியாதவன் அச்சத்தைச் சுமப்பதன்றி வேறு செய்ய இயலாது.

பழைய உரையாடல்களைத் தேடத்தக்கனவாக்கினால், ஒருவர் என்றோ சொன்ன பிழை அவரை என்றும் துரத்துமே என்பது மற்றொரு தடை. உரையாடலை ஆளின் பெயரால் அடைவு செய்யாது, இடரின் பெயரால் செய்தல் அதற்கு மாற்றாகலாம். இன்னொரு பொறுப்பும் உண்டு. திஸ்கி காலத்து அறிவுரை இன்றைய கணினிக்குப் பொருந்தாது. ஆகவே ஆண்டையும், பின்னர் வந்த மாற்றத்தையும் குறியாது பழைய விடையை எடுத்துக் கொடுப்பது வழிகாட்டலன்று; வழிதவறச் செய்தலாகும்.

இலங்கையின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இக்கடமையை ஓரளவு ஏற்றுக்கொண்டுள்ளது. பொது அதிகாரசபைகள் தம் பதிவேடுகளைப் பட்டியலிட்டும் அட்டவணைப்படுத்தியும் பேணவேண்டும் என அது விதிக்கிறது. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்பின், அதனை எழுத்தில் வடிப்பது தகவல் அலுவலரின் கடமை என்கிறது. தேடும் சுமையில் ஒரு பங்கை வைத்திருப்பவனின் தோளில் ஏற்றிய அறநோக்கு இதிற் புலனாகும்.

அவ்வறம் அரசுக்கு மட்டும் உரியதன்று. மென்பொருள் வல்லுநர் குழுவாயினும், பதுளையில் இயங்கும் பல்கலைக்கழகமாயினும், தோட்டத் தொழிற்சங்கக் கிளையாயினும், கூடிப் பேசுவோர் யாவர்க்கும் அது பொது. பேசி முடித்தபின், தமக்குப் பிந்தி வருபவன் எந்தச் சொல்லைக் கொண்டு தேடுவான் என ஒருகணம் எண்ணி, அச்சொல்லின் கீழும் தம் பேச்சைக் குறித்துவைத்தல் வேண்டும். அவ்வாறு செய்தோர்க்கே ‘முன்பே சொல்லியாயிற்று’ என்று சொல்லும் உரிமை உண்டு.